புனித ஜோசபின் பக்கீத்தா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறைக்கல்வி வகுப்பிலும் அன்பியக் கூட்டங்களிலும் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் கூட்டங்கள்) பக்கீத்தாவைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகள் பட்டென்று கேட்டவையும் உண்டு, பெரியவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்டவையும் உண்டு. சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடங்களில் சுருக்கிச் சொன்னால் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம், அதனால்தான்.

யார் இந்தப் பக்கீத்தா? முதலில் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ஆப்பிரிக்காவில், இன்றைய சூடான் நாட்டின் மேற்குப் பகுதியான டார்ஃபூரில், 1869-ஐ ஒட்டிப் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே அடிமை வியாபாரிகளால் கடத்தப்பட்டுக் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டார். 1885-ல் இத்தாலி வந்து சேர்ந்தார். 1889-ல் நீதிமன்றம் அவரைச் சுதந்திரமானவர் என்று அறிவித்தது. 1890-ல் திருமுழுக்குப் பெற்று, பிறகு கனோசா சபையில் சேர்ந்து அருள்சகோதரியானார். ஸ்கியோ என்ற சிறு நகரத்தில் சமையலும் கதவு காக்கும் வேலையும் செய்து வாழ்ந்து, 1947 பிப்ரவரி 8 அன்று இறந்தார். 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

பக்கீத்தா என்பது அப்பா அம்மா வைத்த பெயரா?

இல்லை. வகுப்பில் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதும் பிள்ளைகள் அப்படியே அமைதியாகிவிடுவார்கள்.

கடத்தியவர்கள் “உன் பெயர் என்ன?” என்று கேட்டார்கள். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு சிறுமிக்கு வாய் திறக்க வரவில்லை. சரி, இனிமேல் உனக்கு இதுதான் பெயர் என்று அவர்களே ஒன்றைச் சூட்டினார்கள். ‘பக்கீத்தா’ என்றால் அரபு மொழியில் அதிர்ஷ்டக்காரி. பெற்றோரிடமிருந்து பிடுங்கிய குழந்தைக்கு அந்தப் பெயர். அதன்பின் நடந்தவற்றின் அதிர்ச்சியில் சொந்தப் பெயர் அவருக்கு மறந்தே போயிற்று. கடைசிவரை நினைவுக்கு வரவில்லை. திருமுழுக்கின்போது அவருக்கு இட்ட பெயர் ஜோசபின் மார்கரெட் பொர்த்துனாத்தா. இந்தப் பொர்த்துனாத்தாவும் ‘பக்கீத்தா’வின் பொருளையே இத்தாலிய மொழியில் சொல்வதுதான். திருடர்கள் வைத்த பெயரைத் திருச்சபை கழுவித் திருப்பிக் கொடுத்தது என்று எனக்குத் தோன்றும்.

எப்படிக் கடத்தப்பட்டார்?

அவருடைய ஊர் ஒல்கோசா. டாஜு இனத்துக் குடும்பம். அப்பாவின் சகோதரர்தான் ஊர்த்தலைவர் என்பதால் வசதிக்குக் குறைவில்லை. மூன்று சகோதரர்கள், மூன்று சகோதரிகள். அந்தச் சகோதரிகளில் ஒருத்தி இவருடன் இரட்டையாகப் பிறந்தவள். இவருக்கு முன்பே அந்த வீட்டில் ஒரு பெண்ணைக் கடத்தல்காரர்கள் தூக்கிப்போயிருந்தார்கள். திருமணமான அக்கா. அம்மா அழுத அழுகை தனக்கு நினைவிருப்பதாகப் பிற்காலத்தில் பக்கீத்தா சொல்லியிருக்கிறார்.

1877 வாக்கில், ஏழெட்டு வயதில், தோழியுடன் வயல்பக்கம் நடந்துகொண்டிருந்தபோது இரண்டு அந்நியர்கள் எதிரில் வந்தார்கள். காட்டோரத்தில் ஒரு மூட்டையை விட்டுவிட்டோம், போய் எடுத்து வா என்று அனுப்பினார்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்டுப் பழகிய பிள்ளை, போனது. பின்னாலேயே வந்து பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் கையில் கத்தி, இன்னொருவன் கையில் துப்பாக்கி.

அங்கிருந்து எல் ஒபெய்த் நகரம்வரை செருப்பில்லாத காலோடு நடை. கிட்டத்தட்ட 960 கிலோமீட்டர் என்று சொல்கிறார்கள். ஊர்போய்ச் சேருவதற்குள்ளேயே இரண்டு முறை விற்கப்பட்டுவிட்டார்.

தப்பி ஓட முயற்சி செய்யவே இல்லையா?

செய்தார். இதைப் பலர் சொல்லாமல் தாண்டிப்போகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. தன் வயதுள்ள இன்னொரு சிறுமியுடன் ஓர் இரவு ஓடினார். காட்டில் விலங்கின் உறுமல் கேட்டு மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் வழியில் பார்த்த ஒருவன், வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று நல்லவன்போலப் பேசி, ஆட்டுப்பட்டியில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்து, வந்த வியாபாரியிடம் விற்றுவிட்டான்.

சாதுவான, எதையும் சகித்துக்கொள்ளும் பெண்ணாக மட்டுமே பக்கீத்தாவைக் காட்டும் படங்களையும் பேச்சுகளையும் நிறையப் பார்த்துவிட்டேன். ஏழெட்டு வயதில் சங்கிலி கழன்ற நிமிடத்தில் இருட்டுக்குள் ஓடியவர் அவர். அந்தச் சிறுமியை மறந்துவிட்டால் பிறகு வெனிஸ் நகரில் நடந்தது புரியாது.

உடம்பில் 114 தழும்புகள் என்கிறார்களே, அடித்ததால் வந்தவையா?

அடியும் உண்டு, அது வேறு கணக்கு. எல் ஒபெய்தில் முதலில் இருந்த பணக்கார வீட்டில் ஒரு ஜாடியை உடைத்ததற்காக அந்த வீட்டுப் பையன் அடித்த அடியில் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கோல் படுக்கையிலேயே கிடந்தார். அதன்பின் ஒரு துருக்கியத் தளபதியின் வீடு. அவருடைய தாய்க்கும் மனைவிக்கும் பணிவிடை செய்யும் வேலை. சவுக்கடி இல்லாத நாளே கிடையாது. ஒரு காயம் ஆறுவதற்குள் அடுத்தது விழும் என்று பக்கீத்தாவே சொல்லியிருக்கிறார்.

114 என்பது பச்சை குத்திய கணக்கு. நம் ஊரில் ஊசியால் குத்தும் பச்சை மாதிரி நினைத்துவிடாதீர்கள். எசமானியம்மா அதற்கென்றே ஒரு பெண்ணை வரவழைத்தாள். ஒரு கிண்ணத்தில் வெள்ளை மாவு, இன்னொன்றில் உப்பு, கூடவே ஒரு சவரக்கத்தி. பிள்ளையைத் தரையில் கிடத்தி இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். வந்தவள் மாவைக் கையில் எடுத்து, நாம் வாசலில் கோலம் இழுப்பதுபோல, வயிற்றில் கோடுகள் இழுத்தாள். பிறகு கத்தியை எடுத்து அந்தக் கோடுகளின்மேலேயே கீறினாள். கீறல் சீக்கிரம் மூடிக்கொண்டால் தழும்பு எழும்பாது, அதனால் ஒவ்வொன்றிலும் உப்பை வைத்துத் தேய்த்தாள். மார்பு, வயிறு, வலது கை. எசமானியம்மா சவுக்குடன் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றம் எதுவும் செய்ததற்கான தண்டனைகூட இல்லை இது. தன் வீட்டு அடிமைகளின் உடம்பில் அழகான கோலம் இருப்பது அந்த அம்மாளுக்குப் பெருமை, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் பாயில் கிடந்தார் பக்கீத்தா. ஒழுகும் ரத்தத்தைத் துடைத்துக்கொள்ள ஒரு துண்டுத் துணி இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று மறைக்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள். பத்து வயதுக்குக் கீழே நான் சொல்வதில்லை. மேலே உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், மாவையும் உப்பையும் மறைக்காமல்.

இத்தாலிக்கு எப்படிப் போனார்?

1882 கடைசியில் மஹ்தி கலகம் (தன்னை ‘மஹ்தி’ என்று அறிவித்துக்கொண்ட மதத்தலைவர் ஒருவர் அன்றைய ஆட்சிக்கு எதிராக எழுப்பிய கலகம்) எல் ஒபெய்த் நகரை நெருங்கியது. தளபதி ஊருக்குத் திரும்பத் தீர்மானித்து அடிமைகளை விற்றார். கார்ட்டூம் நகரில் 1883-ல் பக்கீத்தாவை வாங்கியவர் இத்தாலியத் துணைத்தூதர் கலிஸ்தோ லெஞ்ஞானி. அந்த வீட்டில் சவுக்கு இல்லை. உடுத்திக்கொள்ள உடை கொடுத்தார்கள். அவர் ஊருக்குக் கிளம்பும்போது என்னையும் கூட்டிப்போங்கள் என்று பக்கீத்தா கெஞ்சினார். ஒட்டகத்தின்மேல் நீண்ட பயணம், செங்கடல் ஓரத்துச் சுவாக்கின் துறைமுகம், அங்கிருந்து கப்பல், 1885 ஏப்ரலில் ஜெனோவா. அந்த இடைவெளியில் ஜனவரி 26 அன்று கார்ட்டூம் மஹ்தியின் படைகளிடம் வீழ்ந்திருந்தது. அங்கேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே முடியவில்லை.

அப்படியானால் அந்தத் துணைத்தூதர் அவரை விடுதலை செய்துவிட்டார் என்று சொல்லலாமா?

நல்லவர்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கப்பலிலிருந்து இறங்கியதும் பக்கீத்தாவைத் தன்னுடன் பயணம் செய்த நண்பர் அகஸ்தோ மிக்கியேலியின் மனைவி துரீனாவுக்குக் கொடுத்துவிட்டார். ‘கொடுத்துவிட்டார்’ என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அடிக்காத வீடு, சாப்பாடு போடும் வீடு, ஆனால் ஒரு பெண்ணைக் கையிலிருந்து கைக்கு மாற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை.

வெனிஸ் பக்கத்தில் சியானிகோ என்ற ஊரில் மிக்கியேலி குடும்பத்தின் வீடு. 1886-ல் அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. எல்லாரும் மிம்மினா என்று கூப்பிடுவார்கள். அந்தக் குழந்தையைத் தூக்கி வளர்த்தது பக்கீத்தாதான்.

மதம் மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தினார்களா?

நியாயமான கேள்வி. மிக்கியேலி வீட்டில் அப்படி யாரும் அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை; துரீனா அம்மையாருக்கு மதத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. வீட்டுக் கணக்கு வழக்குகளைப் பார்த்துவந்த இல்லுமினாத்தோ கெக்கினி என்பவர் ஒருநாள் பக்கீத்தாவிடம் வெள்ளியில் செய்த பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவம்) ஒன்றைக் கொடுத்தார். கொடுக்கும் முன் அதை முத்தமிட்டார். இவர் நமக்காக உயிரைக் கொடுத்தவர் என்று மட்டும் சொன்னார்.

அது என்ன, யார் என்று பக்கீத்தாவுக்குத் தெரியாது. ஆனால் எசமானியம்மா பிடுங்கிக்கொள்வாளோ என்று பயந்து அதை ஒளித்துவைத்தார். அதற்குமுன் எதையும் ஒளித்துவைத்ததில்லை, தன்னுடையது என்று எதுவும் இருந்ததில்லை என்று பிற்காலத்தில் சொன்னார். வாழ்க்கையில் அவர் முதன்முதலாக “இது என்னுடையது” என்று நினைத்த பொருள் அது. தனிமையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாராம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடவுளைப் பற்றி யாரும் கற்றுக்கொடுக்காத சிறுவயதிலேயே சூரியனையும் நிலாவையும் நட்சத்திரங்களையும் பார்த்து, இவ்வளவு அழகான பொருள்களுக்கு எசமான் யாராக இருக்கும் என்று யோசித்தவர் அவர். அவரைப் பார்க்க வேண்டும், வணங்க வேண்டும் என்று ஆசையாக இருக்குமாம். கனோசா சகோதரிகள் மறைக்கல்வி தந்தபோது, யாரைத் தேடினேனோ அவர் இவர்தான் என்று கண்டுகொண்டார்.

1889-ல் நீதிமன்றத்தில் என்ன நடந்தது?

மொத்த வாழ்க்கையிலும் நான் அதிகம் நின்று பார்க்கும் இடம் இது.

மிக்கியேலி சுவாக்கினில் ஒரு ஹோட்டல் வாங்கியிருந்தார். குடும்பத்தோடு அங்கேயே போய்விடலாம் என்று முடிவாயிற்று. துரீனா முன்னால் போய் வரும்வரை மிம்மினாவையும் பக்கீத்தாவையும் எங்கே விடுவது? கெக்கினியின் யோசனைப்படி 1888 நவம்பர் 29 அன்று வெனிஸில் கனோசா சகோதரிகள் நடத்திய, திருமுழுக்குக்கு ஆயத்தமாகிறவர்களுக்கான இல்லத்தில் இருவரையும் சேர்த்தார்கள்.

ஏறத்தாழ ஓராண்டு கழித்துத் துரீனா திரும்பி வந்தார். கிளம்பு, சூடானுக்குப் போகிறோம் என்றார். பக்கீத்தா, வரமாட்டேன் என்றார்.

அந்தச் சொல்லின் கனத்தை யோசித்துப் பாருங்கள். இருபது வயதை எட்டிய பெண். கையில் காசு கிடையாது, ஊர் கிடையாது, உறவு கிடையாது. படிப்பு கிடையாது. சிறுவயதிலிருந்து எவர் சொன்னாலும் எழுந்து நடந்தே பழக்கம். துரீனா கோபித்தார், நன்றிகெட்டவள் என்றார், தன் உறவினரான ராணுவ அதிகாரி ஒருவரையும் அழைத்துவந்தார். எல்லாவற்றையும்விடக் கடினமானது மிம்மினா. தான் தூக்கி வளர்த்த குழந்தை அழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டே வரமாட்டேன் என்று சொல்ல வேண்டியிருந்தது. அம்மா, உங்களை எனக்குப் பிடிக்கும், குழந்தையைப் பிரிய நெஞ்சு வலிக்கிறது, ஆனால் திருமுழுக்குப் பெறாமல் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன். அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

மடத்தின் தலைவி வெனிஸ் முதுபெரும் தந்தையான (அந்த நகரின் தலைமை ஆயர்) கர்தினால் அகோஸ்தினியிடம் சொல்ல, விவகாரம் அரசு வழக்கறிஞரிடம் போயிற்று. 1889 நவம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. பக்கீத்தா பிறப்பதற்கு முன்பே பிரிட்டிஷாரின் தூண்டுதலால் சூடானில் அடிமைமுறை சட்டவிரோதமாக்கப்பட்டிருந்தது. இத்தாலியச் சட்டமோ அடிமைமுறையை ஏற்றதே இல்லை. ஆகவே சட்டப்படி பக்கீத்தா எந்த நாளிலும் அடிமையாக இருந்ததில்லை. அவர் விரும்பியபடி செய்யலாம்.

எந்த நாளிலும் அடிமையாக இருந்ததில்லை. 114 தழும்புகளோடு நின்ற பெண்ணிடம் இப்படிச் சொன்னார்கள். எனக்கு இன்னொன்றும் உறுத்தும். 1885 ஏப்ரலில் இத்தாலிய மண்ணில் கால் வைத்த நிமிடத்திலிருந்தே அவர் சுதந்திரமானவர். அதை அவரிடம் சொல்ல நான்கரை ஆண்டுகளாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் வாய் திறந்து முடியாது என்று சொன்ன பிறகுதான் சட்டப் புத்தகத்தையே திறந்தார்கள்.

அதன்பின் உடனே கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாரா?

1890 ஜனவரி 9 அன்று திருமுழுக்கு, உறுதிபூசுதல், புதுநன்மை மூன்றும் ஒரே நாளில். அந்தத் திருமுழுக்குத் தொட்டியை அவர் பிற்பாடு பலமுறை முத்தமிடுவதைப் பார்த்திருக்கிறார்கள். இங்கேதான் நான் கடவுளின் மகளானேன் என்பாராம். துறவறத்துக்கு அழைக்கப்படுவதாக உணர்ந்து, 1893 டிசம்பர் 7 அன்று நவகன்னியர் பயிற்சியில், அதாவது துறவறத்துக்கான ஆயத்தப் பயிற்சியில், சேர்ந்தார். 1896 டிசம்பர் 8 அன்று வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்தார். அப்போது வெனிஸ் முதுபெரும் தந்தையாக இருந்த கர்தினால் சார்த்தோதான் பிற்பாடு திருத்தந்தை பத்தாம் பயஸ் ஆனவர்.

கனோசா சபையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1808-ல் வெரோனா நகரில் மகதலேனா கனோசா என்பவர் ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்காகவும் நோயாளிகளுக்காகவும் தொடங்கிய சபை அது. பிரபு குடும்பத்துப் பெண். அவரும் 1988-ல் புனிதரானார்.

மடத்தில் என்ன செய்தார்? பெரிய சாதனை ஏதாவது உண்டா?

சமைத்தார். துணி தைத்தார், பின்னல்வேலை செய்தார். கோவிலில் திருப்பலிப் பொருள்களை வைக்கும் சக்ரீஸ்து அறையைப் பார்த்துக்கொண்டார். வாசலில் நின்று கதவு திறந்துவிட்டார். 1902-ல் விச்சென்சா பகுதியிலுள்ள ஸ்கியோ நகருக்கு அனுப்பப்பட்டவர், நடுவில் சில ஆண்டுகள் போக, இறக்கும்வரை அங்கேதான்.

சாதனை என்று பட்டியல் கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். மடத்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஒவ்வொருவரின் தலையிலும் கை வைத்து அனுப்புவார். அவருடைய குரலில் சொந்த நாட்டின் ராகம் இருந்ததாகக் கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஊர் மக்கள் ‘மொரெத்தா’ என்று கூப்பிட்டார்கள், நம் வாயில் சொன்னால் ‘கறுப்பி’. தொடக்கத்தில் வேடிக்கை பார்க்கும் கண்களிலிருந்து வந்த சொல், நாள் போகப்போக ‘எங்கள் கறுப்பு அம்மா’ என்றாயிற்று.

1910-ல் சபைத் தலைவி கேட்டுக்கொண்டதால் தன் கதையை ஒரு சகோதரியிடம் சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். 1930-ல் இதா சனோலினி என்ற பெண்மணி விரிவாகப் பேட்டி கண்டு, மறு ஆண்டு அது புத்தகமாக வந்தது. அதற்குப்பிறகு ஸ்கியோ கதவைத் தட்டி அவரைப் பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள். 1935 முதல் 1939 வரை மிலான் அருகே விமெர்காத்தேயில் தங்கி, ஆப்பிரிக்காவுக்குப் புறப்படும் சகோதரிகளை ஆயத்தப்படுத்தினார். இத்தாலி முழுக்க மடம் மடமாகப் போய்ப் பேசவும் வேண்டியிருந்தது. மேடை அவருக்குப் பிடித்ததே இல்லை. சமையலறைதான் பிடித்த இடம்.

கடவுளை ‘எல் பரோன்’ என்றுதான் சொல்வாராமே, அது என்ன வார்த்தை?

வெனிஸ் வட்டாரப் பேச்சில் ‘எசமான்’. பண்ணையாள் தன் முதலாளியைச் சொல்லும் சொல். எதைக் கேட்டாலும் “எல் பரோன் விருப்பப்படி” என்பது அவர் வாயில் சாதாரணமாக வரும்.

அடிமையாக இருந்தவர் ஏன் அதே சொல்லைக் கடவுளுக்கு வைத்தார் என்று ஓர் அன்பியக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். தமிழில் பதில் சொல்வது சுலபம் என்று நினைக்கிறேன். நிலத்தில் கட்டுண்டு உழைத்தவர்கள் நிலக்காரரை ‘ஆண்டை’ என்று கைகட்டி அழைத்தார்கள். நாம் ஜெபத்தில் ‘ஆண்டவரே’ என்கிறோம். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள். என்னை ஆள்பவர் இவர் ஒருவர்தான் என்று ஒருவர் வாயாரச் சொல்லிவிட்டால், மற்ற எந்த ஆண்டைக்கும் அங்கே இடமில்லை. பல எசமான்களைப் பார்த்துவிட்டு வந்தவர், இந்த எசமான் தானே சவுக்கடி வாங்கியவர் என்று தெரிந்ததும் மயங்கிப்போனார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ல் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலின் தொடக்கத்திலேயே பக்கீத்தாவைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார். பயங்கரமான எசமான்களுக்குப் பிறகு வந்து சேர்ந்த இந்த எசமானைப் பற்றித்தான் அங்கேயும் பேச்சு.

கடத்தியவர்களைக் கண்டால் கையை முத்தமிடுவேன் என்றாரே, இது சரியா?

தயங்கிக் கேட்கும் கேள்விகளில் முதலிடம் இதற்குத்தான். அவர் சொன்னது உண்மை. என்னைக் கடத்தியவர்களையும் வதைத்தவர்களையும் சந்தித்தால் முழந்தாளிட்டு அவர்கள் கையை முத்தமிடுவேன். அது நடக்காதிருந்தால் நான் இன்று கிறிஸ்தவளாகவும் துறவியாகவும் இருந்திருக்க மாட்டேன் என்ற பொருளில் சொன்னார்.

இதை வைத்து மறையுரையில் “நீங்களும் பொறுத்துப் போங்கள்” என்று முடிப்பதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் அடிவாங்கும் பெண்கள் அந்த மறையுரையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தச் சொல் சங்கிலிக்குள்ளிருந்து வரவில்லை. ஓடிப் பார்த்தவர், வரமாட்டேன் என்று நின்றவர், நீதிமன்றத்தின் வாயால் சுதந்திரம் பெற்றவர், தன் விருப்பத்தால் வார்த்தைப்பாடு கொடுத்தவர் சொன்னது. அடிப்பவனிடம் திரும்பிப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அன்பான எசமானியிடம்கூடத் திரும்பிப் போகவில்லையே. நடந்ததை நல்லது என்றும் அவர் சொல்லவில்லை. தீமை கிடக்கட்டும், அதையும் தாண்டிக் கடவுள் என்னைக் கண்டுபிடித்தார் என்கிறார். மன்னிப்பு அவருடைய சொத்து, அவராக எடுத்துக் கொடுத்தது. இன்னொருவரிடம் அதை யாரும் வரியாக வசூலிக்க முடியாது.

கடைசி நாட்கள் எப்படி இருந்தன?

வேதனையான நாட்கள். நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தார். பார்க்க வந்த ஓர் ஆயர், இங்கே உட்கார்ந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, நீங்கள் செய்வதைத்தான் நானும் செய்கிறேன், கடவுளின் விருப்பத்தை என்றார். இரண்டு பெட்டிகளோடு மெதுவாகப் பயணம் போகிறேன், ஒன்றில் என் பாவங்கள், அதைவிடக் கனமான இன்னொன்றில் இயேசுவின் பேறுபலன்கள் என்றும் சொல்வாராம்.

இறப்பதற்குச் சற்றுமுன், காய்ச்சல் மயக்கத்தில் பழைய நாட்கள் திரும்பி வந்தன. பக்கத்திலிருந்த செவிலியிடம் “சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்துங்கள், கனமாக இருக்கிறது” என்று கெஞ்சினார். கழற்றி எழுபது ஆண்டுகள் ஆகப்போகிற சங்கிலி. புனிதர்களுக்கு மனக்காயம் ஆறிவிடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு ஆறவில்லை, அதோடேயே மன்னித்திருக்கிறார். கடைசியாக அவர் வாயில் வந்தது மாதாவின் பெயர்.

புனிதர் பட்டம் எந்த முறையில் கிடைத்தது? என்ன புதுமை?

1959-ல் விசாரணை தொடங்கியது. 1978-ல் வணக்கத்துக்குரியவர், 1992 மே 17 அன்று அருளாளர் (பழைய ஜெபப் புத்தகங்களில் ‘முத்திப்பேறு பெற்றவர்’), 2000-ல் புனிதர். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட புதுமை (அற்புதம்) பிரேசில் நாட்டின் சாந்தோஸ் நகரில் நடந்தது. சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண்களோடு இருந்த ஒரு பெண்மணி பக்கீத்தாவிடம் வேண்டிக்கொண்டு குணமடைந்தார்.

சூடான் மக்களுக்கு அவர் யார்?

பாதுகாவலி. உயிரோடிருக்கும்போது அவர் சொந்த ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை, பெற்றோரைப் பற்றி ஒரு தகவலும் கிடைக்கவில்லை. 1993 பிப்ரவரி 10 அன்று இரண்டாம் ஜான் பால் கார்ட்டூம் நகருக்கே போய் அங்குள்ள மக்கள் முன்னிலையில் அவரைப் பெருமைப்படுத்தினார். ஆட்டைப்போல விற்கப்பட்ட நகரத்துக்குப் பக்கீத்தா திரும்பியது அப்படித்தான். டார்ஃபூரில் இன்றும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. செய்தியில் எல் ஒபெய்த் என்ற பெயர் வரும்போதெல்லாம் எனக்கு அந்த மாவுக் கிண்ணம்தான் கண்ணில் வந்து நிற்கும்.

திருநாள் எப்போது? பங்கில் எப்படிக் கொண்டாடலாம்?

இறந்த நாளான பிப்ரவரி 8. 2015 முதல் அதே நாள், மனித வணிகத்துக்கு எதிரான உலக ஜெப நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. மறுநாள் பிப்ரவரி 9-க்கும் நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது: 1976-ல் அந்தத் தேதியில்தான் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் அதைக் கொத்தடிமை ஒழிப்பு நாளாக உறுதிமொழி எடுத்துக் கடைப்பிடிக்கிறார்கள். இரண்டு நாளையும் சேர்த்தே கொண்டாடலாம் என்பது என் ஆசை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்து மீட்கப்பட்டவர் யாராவது பங்கில் இருந்தால், அவர் விரும்பினால், அன்றைக்கு மன்றாட்டை அவர் வாசிக்கட்டும்.

பெயரை எப்படி எழுதுவது? பக்கிதா, பகித்தா என்றெல்லாம் பார்க்கிறோமே?

எல்லாம் ஒருவர்தான். அரபுச் சொல் இத்தாலி வழியாக நம்மிடம் வந்ததால் எழுத்து மாறுகிறது. நான் பக்கீத்தா என்று எழுதுகிறேன். ஞானஸ்நானத்துக்குப் பெயர் தேடுகிறவர்கள் ஜோசபின் என்று மட்டும் வைத்துவிட்டுப் போகாமல் பக்கீத்தாவையும் சேர்த்தே வையுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு சிறுமிக்கு அந்தப் பெயர் உண்டு, யாராவது அர்த்தம் கேட்டால் முழுக் கதையையும் சொல்லிவிட்டுத்தான் விடுவாள்.